கராச்சியில் ஒருவருக்கு வயதாகிறது

உன் மகள் அனுப்பிய பொட்டலம் நேற்று வந்தது. பிரித்தால் உன் சால்வை. கருநீலத்திலும் செம்மண் நிறத்திலும் நெருக்கமாக அச்சிட்ட சிந்துப் பருத்திச் சால்வை. அது கண்ணில் படும் முன்பே வெட்டிவேர் வாசனை வந்துவிட்டது. வெட்டிவேரைத் துணியில் முடிந்து பீரோவில் போடும் பழக்கத்தை நீ கடைசிவரை விடவில்லை போலிருக்கிறது. சால்வையை மடியில் வைத்துக்கொண்டு, அடுப்பில் பால் இருப்பதை மறந்து உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கி மேடை முழுக்க வழிந்தது. என் சமையலறையில் இப்படி நடந்தது என்று யாராவது சொன்னால் நீ நம்பியிருக்க மாட்டாய்.

இதே போல் என்னிடமும் ஒன்று உண்டு. இரண்டையும் நமக்குக் கொடுத்தவர் ஒருவர்தான். அவரைப் பற்றி நாம் இருவர் மட்டுமே பேசிக்கொள்வோம். இப்போது பேச ஆளில்லை. ஆகவே எழுதுகிறேன்.

கான்வென்ட்டில் நாம் ஒரே பெஞ்சு. நீ மேலப்புதூர், நான் ஸ்ரீரங்கம். எங்கள் வீட்டில் ஆற்றைத் தாண்டுவதென்றால் "திருச்சிக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டுதான் கிளம்புவோம், வெளியூருக்குப் போகிறவர்களைப் போல. இன்றும் எங்கள் தெருவில் அப்படித்தான். நீ என்னைப் பார்த்ததும் கேட்பாய்: "பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டு வந்தியாடி?" எனக்கு அது கேலியாகவே படாது. ஸ்ரீரங்கம் வேறு, திருச்சி வேறு. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? எங்கள் நகராட்சியைக் கலைத்து திருச்சி மாநகராட்சியோடு சேர்த்தபோது, எதிர்ப்பு மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. பத்திரிகைக்கும் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். அவர்கள் வெளியிடவில்லை. "அவங்களுக்குப் புரிஞ்சிருக்காது" என்றேன். "புரிஞ்சதாலதான் போடலை" என்றாய் நீ.

அந்த இணைப்பு நடந்து ஓரிரு ஆண்டுகளுக்குள்தான் உனக்கு அந்த வேகம் வந்தது. கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தவள், டெல்லியில் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, இந்தியாவும் பாகிஸ்தானும் சர்க்கார் மூலமாகப் பேசிக்கொண்டது போதும், இனி சாதாரண ஜனங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வர வேண்டும் என்றாய். உன் வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் கூடினீர்கள். ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒருவர், ஒரு பல் டாக்டர், உன் கல்லூரி ஆசிரியைகள் சிலர். மேலப்புதூரில் உங்களுக்கு வைத்த பெயர் 'பாகிஸ்தான் கமிட்டி'. உன் வீட்டுச் சுவரில் யாரோ கரியால் அசிங்கமாக எழுதினார்கள். நீ அதில் எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு அப்படியே விட்டுவைத்தாய்.

காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்த பாய் ஒருவரும் வந்தார். உறுப்பினர் பட்டியலில் தன் பெயரைப் போட வேண்டாம் என்று அவர் சொன்னபோது நீ கோபப்பட்டாயாம். அவர் சொன்னதை நீயே என்னிடம் சொன்னாய்: "நான் முன்னாடி நின்னா அதுக்கு அர்த்தமே வேறயா ஆயிடும்மா. நீங்க நில்லுங்க. வர்றவங்க சாப்பாட்டை நான் பார்த்துக்கிறேன்." அன்று அதைச் சொல்லும்போது உன் குரல் இறங்கிவிட்டது.

என்னை மட்டும் நீ அந்தக் கூட்டத்துக்கு ஒருநாளும் கூப்பிடவில்லை. காரணம் நம் இருவருக்கும் தெரியும். எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில், கிழக்கு எல்லையில், என் தம்பி சீனு போனான். லெப்டினன்ட். இருபத்தைந்து முடியவில்லை. உடலைப் பார்க்கக்கூட எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. தந்தி வந்த நாளிலிருந்து அப்பா அவன் பெயரைச் சொல்லவில்லை. அப்பா சொல்லாததால் அம்மாவும் சொல்லவில்லை. கூடத்தில் சீருடையோடு அவன் படம் மட்டும் இருந்தது. வந்தவர்களும் அதைப் பார்க்காதது போலப் பேசிவிட்டுப் போவார்கள். அம்மாவும் அப்பாவும் காலமாகி, பிறகு என் கணவரும் போய், மகன் வெளிநாட்டில் குடியேறி, அந்தப் பெரிய வீட்டில் நானும் அந்தப் படமும் மட்டும் என்று ஆன பிறகுதான், நீ ஒருநாள் வந்து எதிரில் உட்கார்ந்தாய்.

"கராச்சியிலிருந்து மூணு பேர் வர்றாங்க. ஓட்டல்ல தங்க வைக்கிறதா இருந்தா இதுக்கு அர்த்தமே இல்ல. ரெண்டு பேர் என் வீட்டுல. ஒரு அம்மாவுக்கு இடம் வேணும்."

"திருச்சியில வீடா இல்ல?"

"இருக்கு. கதவுதான் திறக்க மாட்டேங்குது. உன் வீட்டுல நாலு ரூம் பூட்டிக் கிடக்கு."

"பூட்டித்தான் கிடக்கும்."

நீ படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாய். "அவனை எடுத்து உள்ள வைன்னு நான் சொல்ல மாட்டேன். அவன் இருக்கிற வீடுன்னு தெரிஞ்சுதான் கேட்கிறேன்."

"தெரிஞ்சும் கேட்டியே, அதுதான் எனக்கு ஆச்சரியம்" என்றேன். காபி கூடத் தரவில்லை. நீயும் வற்புறுத்தாமல் எழுந்து போய்விட்டாய்.

அவர்கள் வந்து சேர்ந்த அன்று காலை நீ போன் செய்தாய். குரலில் ஒரு சலனமும் இல்லை. "உனக்கு இனிமே கவலை விட்டுச்சு. அந்தம்மாவை வேற எங்கேயாவது தங்க வைக்கிறேன். எப்படியும் உன் வீட்டுக்கு அவங்க வர முடியாதாம். விசாவுல திருச்சின்னுதான் இருக்கு, ஆத்தைத் தாண்டக் கூடாதுன்னு போலீஸ்ல சொல்லிட்டாங்க."

என் வீட்டுக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று முடிவு செய்ய இன்னொருவரா? வேண்டாம் என்று சொன்னது நான். சொல்ல உரிமை உள்ளவளும் நான்தான். புடவையை மாற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். பாலத்தில் பாதி வழியில்தான், வாயில் கதவைப் பூட்டினோமா என்று யோசித்தேன். நீ வேண்டுமென்றே அப்படிச் சொன்னாயா என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "நடந்ததைச் சொன்னேன்" என்பாய், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

வெளிநாட்டவர் பதிவு செய்யும் அந்தப் போலீஸ் அலுவலகத்தின் வராந்தாவில் ஒரு மர பெஞ்சு. அதன் ஓரத்தில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஒடிசலான உடம்பு, வெளிர் பச்சை சல்வார், கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. கைப்பையை மடியில் வைத்து இரு கைகளாலும் பிடித்திருந்தார். முழங்கால்கள் சேர்ந்திருந்தன. முதுகு பெஞ்சில் படவில்லை. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது: அது கன்னியாஸ்திரீகள் வளர்த்த முதுகு. விசாரித்தால் அப்படித்தான். கராச்சியில் கான்வென்ட் படிப்பு, அங்கேயே ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை. பெயர் நஸீம். கணவரை இழந்தவர். நான் வருவதைக் கண்டதும் எழுந்து நின்றார். நம் பள்ளியில் பெரியவர்கள் வந்தால் எழுவோமே, அதே வேகத்தில்.

உள்ளே நீ அதிகாரியோடு பேசிக்கொண்டிருந்தாய். பொறுமையான மனிதர்.

"விசாவுல டெல்லி, மெட்ராஸ், திருச்சி. அவ்வளவுதாம்மா. ஸ்ரீரங்கம்னு இல்ல."

"என் வீட்டுக் குப்பையை யார் அள்ளுறாங்க?"

"யாரும்மா?"

"திருச்சி மாநகராட்சி. தண்ணி விடுறது யாரு? திருச்சி மாநகராட்சி. விடாம இருக்கிறதும் அவங்கதான். அப்ப என் வீடு எந்த ஊர்ல இருக்கு?"

"நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா ஸ்ரீரங்கத்துக்காரங்க நீங்களே அப்படிச் சொல்றதில்லையே. என் சம்சாரத்துக்கு ஸ்ரீரங்கம்தான். கல்யாணம் ஆகி இத்தனை வருஷமாச்சு, 'நான் திருச்சி'ன்னு ஒரு நாள் சொன்னதில்ல."

"உங்க சம்சாரம் சொல்றதுதான் சரி. ஆனா விசா குடுத்தது அவங்க இல்லையே."

உனக்கு அப்போதுதான் இருமல் வந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாய். அந்த மனிதரும் சிரித்துவிட்டார். 'ஸ்ரீரங்கம் திருச்சியைச் சேர்ந்ததே' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் மேலே கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு மோசமாக என்றும் இருந்ததில்லை. அரைமணி நேரம் கழித்து, போகலாம் என்று அனுமதி வந்தது.

வெளியே வந்ததும் நீ சொன்னாய்: "அதுக்கு ஒரு நகல் எடுத்து பிரேம் போடணும்டி."

"வாயை மூடு" என்றேன். அந்த அம்மாளின் பெட்டியை நான் தூக்கிக்கொண்டிருந்தேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து நஸீம் கூடத்தில் கால் வைத்ததும் படத்தைப் பார்த்தார். எல்லோரையும் போலப் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. கிட்டே போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தோளில் இருந்த நட்சத்திரங்கள் வரை பார்த்தார். என் பக்கம் திரும்பாமலே ஆங்கிலத்தில் கேட்டார்: "பெயர் என்ன?"

"சீனிவாசன். சீனு என்று கூப்பிடுவோம்."

"சீனு" என்றார் அவர். அந்தக் கூடத்தில் இன்னொருவர் குரலில் அந்தப் பெயரைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது! நான் இடியாப்பத்துக்கு மாவு பிசைய வேண்டும் என்று சொல்லி உள்ளே போனேன். மாவு காலையிலேயே பிசைந்து வைத்ததுதான்.

சாயங்காலம் சாப்பிடும்போது அவர் கேட்டார், எங்கே என்று. கிழக்கில் என்றேன். இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. பிறகு அவர், ஒப்பிக்க வேண்டிய பாடத்தை ஒப்பிப்பவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: அவருடைய தம்பியும் அந்தப் போரில், அதே கிழக்கில்தான் இருந்தார். டாக்காவில் சரணடைந்தவர்களோடு பிடிபட்டு, நம் நாட்டில் ஒரு முகாமில் இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்து, ஊர் திரும்பினார்.

திரும்பினார். அந்தச் சொல்தான் என்னைக் குத்தியது. எனக்கு வந்தது துக்கமோ கோபமோ இல்லை. பச்சைப் பொறாமை. அவர்கள் வீட்டு வாசலில் ஒருவன் வந்து நின்றிருக்கிறான். அவன் அம்மா அவன் முகத்தைத் தடவிப் பார்த்திருக்கிறாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் பின்னாலேயே வந்து சமாதானம் சொல்லியிருந்தால், மறுநாளே உன் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அவர் வரவில்லை. தன் தட்டைத் தானே கழுவி, துடைத்து, கவிழ்த்துவிட்டு, தனக்குக் காட்டிய அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை, ஆற்றைப் பார்க்கலாமா என்று கேட்டார். அம்மா மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். படித்துறையில் கும்பல். தர்ப்பணம் செய்பவர்கள், துணி பிழிபவர்கள், ஈரத்தோடு ஓடும் பிள்ளைகள். ஓரமாக ஒரு படியில் உட்கார்ந்தோம். காவிரியில் அப்போது நல்ல தண்ணீர். அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்கள் தம்பி இறந்த அன்று என் தம்பி எங்கே இருந்தான் என்று எனக்குத் தெரியாது. நேற்று இரவு முழுவதும் அதைத்தான் யோசித்தேன். அவன் அந்த நாட்களைப் பற்றி வீட்டில் பேசியதில்லை. நீங்கள் விரும்பினால், ஊருக்குப் போய்க் கேட்கிறேன். கேட்டு உங்களுக்கு எழுதுகிறேன்."

சீனு எந்த நாளில், எந்த ஊருக்குப் பக்கத்தில் விழுந்தான் என்று எனக்குத் தெரியும். இரண்டையும் சொன்னால் போதும். அவர் தன் தம்பியிடம் கேட்பார். உண்மை சொல்கிற குடும்பம் என்று அந்த முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. நாள் என் நாக்கு வரை வந்துவிட்டது. பக்கத்துப் படியில் யாரோ ஒருவர் தன் தகப்பனாருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் முடித்து எழுந்திருக்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, "கேட்க வேண்டாம்" என்றேன்.

அவர் கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான்தான் கேட்டேன், "இப்போது எப்படி இருக்கிறார்?" என்று.

"யார்?"

"உங்கள் தம்பிதான்."

அவர் முகம் மாறியதை உனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! கணக்கு வாத்தியாராக இருக்கிறானாம். தலை முன்பக்கம் வழுக்கையாம். மூன்று பெண்கள். மூன்றும் அவனை மதிப்பதில்லையாம். குழம்பில் உப்பு இல்லையென்று தினமும் சண்டையாம், டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியும். "அடம்" என்றார். சீனுவும் அப்படித்தான் என்றேன். மோரில் உப்பு போதாதென்று அம்மாவிடம் அவன் போடாத சண்டையா? அந்தப் படியில் உட்கார்ந்து இரண்டு விதவைகள் சிரித்ததை எங்கள் தெருக்காரர்கள் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

அன்று சாயங்காலம் மேலப்புதூரில் உன் கூட்டம். சின்ன மண்டபம்தான், அதிலும் பாதி நாற்காலி காலி. நான் வருவேன் என்று நீ எதிர்பார்க்கவில்லை. நஸீமுக்குப் பக்கத்தில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ பேசிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒருவர் எழுந்து கத்தினார்: "எல்லையில செத்தவன் வீட்டுல போய்ச் சொல்லுங்க, இந்த நட்பையெல்லாம்!"

மைக் உன் கையில் இருந்தது. 'இதோ, அந்த வீட்டிலிருந்து வந்தவள் இங்கேதான் இருக்கிறாள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனிதரின் வாய் அடைத்திருக்கும். மறுநாள் பேப்பரிலும் வந்திருக்கும். உன் கமிட்டிக்கு அதைவிடப் பெரிய பலம் வேறென்ன? நீ என் வரிசைப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. "அங்கேயும் போய்த்தான் சொல்லப் போறோம் சார். உட்காருங்க, டீ வருது" என்றாய். அவரும் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். டீயும் குடித்தார்.

என் தம்பி யாருக்கும் பதிலாகப் பயன்பட வேண்டியவன் அல்ல என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை. சொல்லாமலே உனக்குத் தெரிந்திருந்தது. நம் அறுபத்து சொச்சம் ஆண்டுப் பழக்கத்தில் நீ எனக்குச் செய்தவற்றில் அதைத்தான் நான் முதலில் வைப்பேன். உன்னிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏதாவது கேலி பேசுவாய் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிடும்போதுதான் நஸீம் நம் இருவருக்கும் சால்வையைப் போர்த்திவிட்டார். வெங்காய மண்டி பாய் பிளாட்பாரத்தில் சற்றுத் தள்ளி நின்று, கட்டுச்சோற்றை உன் கையில் கொடுத்து, அவர்களிடம் கொடுக்கச் சொன்னார். சில ஆண்டுகள் கராச்சியிலிருந்து புத்தாண்டு வாழ்த்து வந்தது. தம்பிக்குப் பதவி உயர்வு, தம்பிக்கு முட்டிவலி என்றெல்லாம் ஓரத்தில் எழுதுவார். பிறகு கார்கிலில் சண்டை வந்தது, விசா நின்றது, பிறகு திறந்தது, மறுபடியும் நின்றது. அட்டைகளும் நின்றுவிட்டன. உன் கமிட்டியில் ஒவ்வொருவராகக் காலமானார்கள். கடைசியில் கூட்டம் என்றால் நீயும் பல் டாக்டரும்தான். அவரும் தன் பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேசுவார் என்பாய்.

நஸீம் இருக்கிறாரா, இல்லையா, தெரியாது. ஆனால் அவர் தம்பி இருக்கிறார். அது நான் எடுத்த முடிவு. எல்லையில் குண்டு விழுந்தது என்று செய்தியில் சொல்லும்போதெல்லாம் நீ எனக்குப் போன் செய்வாய். போர் பற்றிப் பேச மாட்டாய். "உன் கராச்சிக்காரர் எப்படி இருக்கார்?" என்பாய். நானும் சொல்வேன். மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பேரனுக்குக் கணக்கு வரவில்லை, தாத்தாவுக்கு அவமானம். தெருமுனைக் கடைக்கு மட்டும் நடந்து போகிறார். இதெல்லாம் நானாகச் சொல்வதென்று உனக்குத் தெரியும். ஆனாலும், "போன தடவை பேத்தின்னு சொன்னியே?" என்று குறுக்கு விசாரணை செய்வாய்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோதும் அதையேதான் கேட்டாய். மூக்கில் குழாய், பாதிக் குரல்தான் வந்தது.

"கண் ஆபரேஷன் ஆச்சு" என்றேன். "ஒரு வாரம் தலைக்கு ஊத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. கேட்டாத்தானே?"

"கேட்க மாட்டாரே அவரு."

ஊசி போட வந்த நர்ஸ் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "யாரும்மா? உங்க வீட்டுக்காரரா?"

நான் வாயைத் திறக்கும் முன் நீ சொன்னாய்: "அவ தம்பி."

"ஓ, பார்த்துக்கச் சொல்லுங்கம்மா, வயசானவங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டாள். நீ கண்ணை மூடிக்கொண்டாய். நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது கேட்க ஆளில்லை. போன வாரமும் செய்தியில் ஏதேதோ சொன்னார்கள். போன் பக்கம் பார்த்துவிட்டு, டீவியை அணைத்தேன். சீனு இருபத்தைந்தோடு நின்றுவிட்டான். அவனுக்கு நரை எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. இவருக்கு எண்பதை ஒட்டி நடக்கிறது. காது சற்று மந்தம், மற்றபடி குறையில்லை. தொண்ணூறு வரைக்கும் இவரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். நீ இப்படிப் பாதியில் எழுந்து போனதால், அந்த வேலை முழுவதும் என் தலையில்தான் விழுந்திருக்கிறது.